சனியைச் சப்பரத்தில் ஏற்றிய கதை

சாய்ந்தான்குளத்தில் மூளை இல்லாத ஆள் என்று ஒருத்தரைக்கூடக் காட்ட முடியாது. எல்லாருக்கும் இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்து போய்விடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான் ஆவுடையப்பன். தங்கமான பிள்ளை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான், அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு. ஒருத்தர் ரேஷன் கார்டைக் கொடுத்து, "கறை கிறை இல்லாம விழணும்ப்பா" என்றார். ஆவுடை அந்தக் கார்டைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, பிறகு நகல் எடுத்துக் கொடுத்தான். ஒரு கறை இல்லை. ஓர் எழுத்தும் இல்லை.

அவனுடைய அத்தை மகள் உலகம்மாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்து, அதில் செல்போனைப் பொருத்தி, வியாழன், செவ்வாய் என்று கோள்களைப் படம் எடுப்பாள். தெருவில் எல்லாரும் அதைப் பீரங்கி என்றுதான் சொல்வார்கள். ஆவுடைக்கு அவள் மேல் கொள்ளை ஆசை. அவளுக்கும் இவனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவள் அப்பா சிவகாசியில் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டார்.

மதுரையில் டீச்சர்களுக்குப் பயிற்சி என்று உலகம்மாள் கிளம்பின அன்று, பஸ் ஸ்டாப்பில் வைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அத்தான், நான் வெள்ளிக்கிழமை திரும்பி வாரேன். வந்ததும் அப்பாகிட்ட பதில் சொல்லியாகணும். நீங்க ஒரு வேலையை உருப்படியாச் செஞ்சு நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. என் தொலைநோக்கியில சனிக் கோளை ஒரே ஒரு படம் எடுத்து வைங்க. வளையம் தெரியணும். எடுத்துட்டீங்கன்னா உங்க பேரைச் சொல்லுதேன். இல்லைன்னா சிவகாசிதான்."

ஆவுடை வாயைத் திறந்தான். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. "எப்படி உலகு எடுக்கணும்?" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முதல்ல பீரங்கியை வெளிய வச்சு நல்லா ஆற விடுங்க, வீட்டுச் சூடு போகணும்!" என்றாள். பஸ் போய்விட்டது.

தனியாகச் செய்கிற காரியமா இது? ஆவுடை தன் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டான். ஒருத்தன் சொள்ளமுத்து, கல்யாண வீட்டுச் சமையல்காரன். ஊரிலேயே நல்ல கேமரா உள்ள செல்போன் அவனிடம்தான் இருந்தது. இன்னொருத்தர் கழுகாசலம் அண்ணாச்சி, கோயில் திருவிழாவில் சாமி உலா வருகிற சப்பரத்தைத் தோளில் தூக்குகிறவர். சாமி விவகாரம் எதுவானாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று பேரும் தொலைநோக்கியைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆற விடணும்னு சொன்னாளே, சூடா இருக்கா என்ன?" என்றார் கழுகாசலம்.

சொள்ளமுத்து புறங்கையால் தொட்டுப் பார்த்தான். சமையல்காரன் கை, தப்பாது. "லேசா வெதுவெதுப்பு இருக்கு அண்ணாச்சி. பாயசமா இருந்தா அகலமான பாத்திரத்துல ஊத்தலாம். இதை ஊத்த முடியாது."

ஆகவே நனைந்த சாக்கைப் போட்டுப் போர்த்தினார்கள். சொள்ளமுத்து கல்யாணப் பந்தியில் சோறு ஆற்றுகிற விசிறியைக் கொண்டுவந்து வீசினான். பொழுது சாய்ந்து, கிழக்கே சனி ஏறினபோது பீரங்கி பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

ஆவுடை கண்ணை வைத்துப் பார்த்தான். ஒரே கறுப்பு.

"கறுப்பாத்தான் தெரியுது," என்றான் கவலையோடு.

கழுகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னே? சனி பகவானுக்கு நிறமே கறுப்புதானல? கறுப்பு வஸ்திரம், கறுப்பு எள்ளு, வாகனம் காக்கா. சரியாத்தான் வந்திருக்காரு. ரொம்பப் பக்கத்துல வந்திருக்காரு போல, ஓரமே தெரியலை."

படம் எடுத்து உலகம்மாளுக்கு அனுப்பினார்கள். உடனே போன் வந்தது.

"அத்தான், முன்பக்கத்து மூடியைக் கழட்டுனீங்களா?"

"நீ கழட்டச் சொல்லலையே உலகு."

"இப்பச் சொல்லுதேன், கழட்டுங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மூடியைக் கழற்றப் போனால், கழுகாசலம் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, ஏல, நில்லு! நேத்து மூடி காப்பாத்துச்சு. கோயில்ல நவக்கிரகத்துக்கு முன்னால என்ன செய்வோம்? சனிக்கு நேர் எதிரே நிப்பமா? பக்கவாட்டுல ஒதுங்கி நின்னுல்லா கும்பிடுவோம்? இங்க என்னடான்னா குழாய் வச்சு, கண்ணோட கண்ணாப் பாக்கப் போறே!"

ஆவுடை மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். "உலகு தினமும் பாக்காளே அண்ணாச்சி?"

"அவ டீச்சர். டீச்சர்மாரைப் பாத்து சனி பயப்படும். உன்னைப் பாத்து யாரு பயப்படுவா?"

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் சொள்ளமுத்து. "இந்தப் பீரங்கி எதையும் நூறு மடங்கு பெருசாக் காட்டுமாம். அப்போ பார்வையும் நூறு மடங்காத்தானே விழும்? ஏழரை வருசம் பிடிக்கிற சனி நூறு மடங்கு பிடிச்சா எத்தனை வருசம்?"

மூன்று பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடை வராததால் பயம் இன்னும் கூடிவிட்டது.

ஆவுடை மார்பில் கையை வைத்துச் சொன்னான்: "பிடிச்சாலும் பிடிச்சுட்டுப் போகுது அண்ணாச்சி. உலகு சிவகாசிக்குப் போயிட்டா எனக்கு அதைவிடவா ஒரு சனி வந்துரும்?"

சும்மா சொல்லக் கூடாது, அதைக் கேட்டு இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கூட்டாளியைக் காவு கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செல்போனைப் பீரங்கியில் கட்டிவிட்டு எல்லாரும் முதுகைக் காட்டி நின்றுகொள்வது. செல்போன் பார்க்கட்டும்.

"போனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றான் சொள்ளமுத்து. போன் அவனுடையதாயிற்றே!

"அதுக்கு ராசி என்ன?" என்று கேட்டார் கழுகாசலம்.

"தெரியலையே. பெட்டியில செஞ்ச மாசம் மட்டும்தான் போட்டிருந்தது."

"பிறந்த நேரம் போடலையா? அப்போ ஜாதகம் கணிக்க முடியாது. ஜாதகம் இல்லாததைச் சனி எப்படிப் பிடிக்கும்? தைரியமாக் கட்டு."

கட்டினார்கள். மூடியையும் கழற்றினார்கள். மரியாதைக்கு ஓர் எள் தீபமும் ஏற்றினார்கள். எங்கே வைப்பது? பகவான் பார்க்கிற இடத்தில்தானே வைக்க வேண்டும் என்று பீரங்கியின் வாய்க்கு நேர் எதிரே ஓர் ஏணி போட்டு, அதன் உச்சியில் வைத்தார்கள். படத்தில் தகதகவென்று ஒரு ஜோதி விழுந்தது. தெருவே வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

உலகம்மாள் போனில் சொன்னாள்: "விளக்கை எடுங்க அத்தான். எந்த வெளிச்சமும் இருக்கக் கூடாது."

மறுநாள் விளக்கை எடுத்தார்கள். தெருவிளக்கையும் அணைத்தார்கள். வீடு வீடாகப் போய் டிவியை அணைக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் பீடி பற்றவைத்தார், அதையும் பிடுங்கி அணைத்தார்கள். ஆவுடை, கோயிலில் நிற்கிற மாதிரி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஓரக்கண்ணால் பீரங்கியைச் சனிக்கு நேராகத் திருப்பினான். பிறகு மூன்று பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

அடடா, விழுந்துவிட்டது! கறுப்பு நடுவே மஞ்சளாக ஒரு சின்னத் தீற்றல், சுவரில் அப்பின சந்தனம் மாதிரி. வளையம் இருந்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆவுடை அந்தத் தீற்றலைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான்.

உலகம்மாளுக்கும் சந்தோஷம்தான். "பரவாயில்லையே அத்தான்! ஆனா ஒரு படம் போதாது. நிறைய எடுத்து, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினாத்தான் தெளிவு வரும்."

இது ஆவுடையின் தொழில் ஆயிற்றே, சும்மா விடுவானா? அன்றைக்கு எடுத்த படம் அத்தனையையும் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். அடுக்கு இடுப்பு உயரம் வந்தது. தெளிவு வரவில்லை.

"நல்லா அழுந்தலை," என்றான் சொள்ளமுத்து. அம்மிக் கல்லைத் தூக்கி மேலே வைத்தார்கள்.

மறுநாள் காலையில் கல்லை இறக்கிப் பார்த்தார்கள். மேலே இருந்த படத்தில் அம்மியின் அடிப்பாகம் தெளிவாக விழுந்திருந்தது. சனி அப்படியேதான் இருந்தார்.

ஆவுடை போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். உலகம்மாள் அழுதாளா சிரித்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தான், அடுக்குறது கம்ப்யூட்டர் வேலை. நான் வந்து பாத்துக்கிடுதேன். நீங்க சனியை நடுவுல நிறுத்தி வீடியோ மட்டும் எடுங்க. அது இழுத்துக்கிட்டுப் போகாமப் பாத்துக்கிடணும்."

"ஏன் உலகு அது இழுத்துக்கிட்டுப் போகுது?"

"அது போகலை. பூமி மேற்கேயிருந்து கிழக்கே சுத்துது, அதனால சனி படத்தை விட்டு விலகுது. அதுக்கு ஈடா நீங்க பீரங்கியை எதிர்ப்பக்கமா நிதானமா, குலுங்காம நகத்திக்கிட்டே இருக்கணும். ராத்திரி வாரேன். வந்ததும் அப்பா கேப்பாரு. இதுதான் கடைசித் தடவை அத்தான்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான்.

"பூமி கிழக்கே போகுதுன்னா, நாம பீரங்கியைத் தூக்கிக்கிட்டு மேற்கே போகணும்," என்றார் கழுகாசலம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குலுங்கக் கூடாது, நிதானமாப் போகணும். ஏல, இதுக்குப் பேருதான் சப்பரம். நான் பிறந்ததுல இருந்து செய்யுத வேலை!"

"எவ்வளவு தூரம் போகணும்?" என்றான் சொள்ளமுத்து.

"பூமி நிக்கிற வரைக்கும்."

"இன்னொரு நல்லதும் இருக்கு அண்ணாச்சி," என்றான் ஆவுடை. "சனி கிழக்கே இருக்கு. நாம மேற்கே நடந்தா, தானா முதுகைக் காட்டின மாதிரி ஆயிரும்!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானமும் சாஸ்திரமும் இப்படி ஒரே ரோட்டில் போய் அவர்கள் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும்போது சப்பரம் தயார். நடுவில் பீரங்கி, வாய் கிழக்கே வானத்தைப் பார்த்தபடி. அதன் அடிமுனையில் செல்போன், திரை மேற்கே பார்த்தபடி. வெளிச்சம் படாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்புத் துணி. முன் தண்டில் ஆவுடையும் கழுகாசலமும், பின் தண்டில் கழுகாசலத்தின் சப்பரக்கார ஆட்கள் இரண்டு பேர். ஆவுடை தலையைச் சுற்றித் துண்டை வரிந்து கட்டிக்கொண்டான். சொள்ளமுத்து செல்போனிலேயே முகத்தைப் பார்த்துத் திருநீறு பூசி, வீடியோவை அமுக்கிவிட்டு, விசிறியும் கையுமாகப் பக்கத்தில் வந்தான். பீரங்கி சூடாகிவிடக் கூடாதே!

"தூக்கு!" என்றார் கழுகாசலம்.

சப்பரம் குற்றாலம் ரோட்டில் மேற்கே நகர்ந்தது. பூப்போல நகர்ந்தது. அரசாங்க ரோடு இவ்வளவு குழியாக இருந்தும் ஒரு குலுக்கல் இல்லை.

கறுப்புத் துணியும் விசிறியும் சப்பரமுமாக வருவதைப் பார்த்து, தெருவில் சனங்கள் பதறி எழுந்தார்கள். "இன்னைக்குச் சனி பகவான் புறப்பாடா? யாரும் சொல்லவே இல்லையே!" வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஒருத்தர் மாலை போட்டார். கோயில் மேளக்காரர், தன்னைக் கூப்பிடாமல் ஒரு புறப்பாடா என்று கோபித்துக்கொண்டு வந்து, அடித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் பின்னால் வந்தது.

"பூமி நிக்குதா?" என்று ஆவுடை மெதுவாகக் கேட்டான்.

கழுகாசலம் காலை அழுத்திப் பார்த்தார். "வேகம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. நட."

அந்த நேரம் எதிரே தென்காசி பஸ் வந்து, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சப்பரம் பஸ்ஸை ஒட்டி நின்றது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தன் தொலைநோக்கி கழுத்தில் மாலையோடு நிற்கிறது. அதன் தண்டைத் தோளில் தாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, தன் அத்தான் நிற்கிறான்.

"அத்தான்! என்ன இது?"

"எதிர்ப்பக்கமா நகத்துதேன் உலகு," என்றான் ஆவுடை. "குலுங்கலை. நீயே வேணாப் பாரு, வீடியோ ஓடிக்கிட்டிருக்கு."

உலகம்மாள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் செல்போனைக் கழற்றி வீடியோவைப் போட்டாள். ஆவுடை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

படத்தில் உருண்டையாக, வழுவழுவென்று, தெருவிளக்கில் மின்னிக்கொண்டு ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றித் தடிமனாக ஒரு வளையம். சட்டத்தின் நட்டநடுவே, இம்மி நகராமல்.

"வளையம்!" என்று அலறினான் சொள்ளமுத்து. "வளையம் விழுந்துருச்சு ஆவுடை!"

உலகம்மாள் உற்றுப் பார்த்தாள். "இது சனி இல்லை. செல்போன் முன்பக்கத்துக் கேமராவுல எடுத்திருக்கு. இது அத்தானோட சொட்டை. சுத்தி இருக்கது துண்டு."

ஆவுடையின் முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் போயிற்று. படமும் போயிற்று, இத்தனை நாள் முன்முடியை இழுத்துச் சீவி மறைத்து வைத்திருந்த சொட்டையும் ஊருக்கே தெரிந்துபோயிற்று. "சிவகாசிக்காரருக்கு நிறைய முடி இருக்கும்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. தண்டைக் கீழே வைக்க யாரும் சொல்லாததால் தோளில் அப்படியே தாங்கியிருந்தான்.

உலகம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு பீரங்கியை லேசாகத் திருப்பி, கண்ணை வைத்துச் சரிசெய்தாள். "நாலு பேரும் அசையாதீங்க. சனி இப்பதான் தெரியுது. யாராவது வந்து பாருங்க. தலைகீழாத்தான் தெரியும், பயப்படாதீங்க."

யாரும் அசையவில்லை. கழுகாசலம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சொள்ளமுத்து, நீ போய்ப் பாரு. பகவான் வளையத்தோட ஆவுடை தலையில இறங்குனதை இப்பதானே படத்துல பாத்தோம்? அப்போ மேல இருக்கது வெறும் வீடுதான். ஆள் இல்லை."

சொள்ளமுத்து பஸ்ஸுக்குள் ஏறி, ஜன்னலில் குனிந்து கண்ணை வைத்தான். "ஆத்தாடி! உருண்டையா இருக்கு. சுத்தி வளையம் இருக்கு. அண்ணாச்சி, வீடு இல்லை அண்ணாச்சி! இது ஆவுடை மண்டைதான்! இங்கேயிருந்து அங்க போயிருச்சு!"

ஆவுடை பதறிப்போய் ஒரு கையால் தலையைத் தடவிப் பார்த்தான். இருந்தது. ஆனாலும் அவனுக்குத் திருப்தி வரவில்லை.

உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள்:

"அத்தான், நீங்க ஒரு வேலையைக்கூட உருப்படியாச் செய்யலை. ஆனா நான் சொன்ன ஒரு சொல்லைக்கூடத் தட்டலை. சிவகாசிக்காரர் போன்ல பேசுனாரு, என்னை ஒரு வார்த்தை முழுசாப் பேச விடலை. சனியைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க. சொல்லுததைக் கேக்க ஆள் எங்க கிடைக்கும்? அப்பாகிட்ட உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். உங்களுக்குச் சம்மதமா?"

ஆவுடை சந்தோஷத்தில் பலமாகத் தலையை ஆட்டினான். தலை ஆடத் தோளும் ஆடியது, தோள் ஆடத் தண்டு ஆடியது, தண்டு ஆடப் பீரங்கியும் மேலும் கீழுமாக ஆடியது.

"ஆடுது!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து சொள்ளமுத்து வீறிட்டான். "மேலே மண்டை ஆடுது அண்ணாச்சி! சம்மதம் சொல்லுது!"

கூட்டம் குலவையிட்டது. மேளக்காரர் கெட்டிமேளமே அடித்துவிட்டார்.

கழுகாசலம் மட்டும் கையை உயர்த்தினார். "நிறுத்து, நிறுத்து! பீரங்கியில எல்லாம் தலைகீழாத் தெரியும்னு இப்பதானே புள்ள சொல்லிச்சு? அப்போ சம்மதம்னு தெரிஞ்சா என்ன அர்த்தம்?"

மேளம் நின்றது. கூட்டம் திகைத்துப்போய் ஆவுடையைப் பார்த்தது. ஆவுடையே கொஞ்சம் சந்தேகத்தோடு தன்னைப் பார்த்துக்கொண்டான்.

"நான் சம்மதம்னுதான் ஆட்டினேன் அண்ணாச்சி," என்றான் பரிதாபமாக.

"நீ ஆட்டினது சரி. மேலே எப்படிப் பதிவாச்சுன்னுல்லா பாக்கணும்? கல்யாண விஷயம், விளையாட்டு இல்லை."

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தண்டை வாங்கிக்கொண்டார்கள். கழுகாசலமும் டிரைவருமாகச் சேர்ந்து ஆவுடையைத் தூக்கி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். "இப்போ இன்னொரு தடவை கேளும்மா" என்றார் கழுகாசலம். உலகம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்டாள். ஆவுடையப்பன் தொங்கினபடியே, துண்டு அவிழ்ந்து ரோட்டில் விழ, முன்னைவிடப் பலமாகத் தலையாட்டினான்.

"இப்பதான் நேரா விழுந்திருக்கு," என்று சொல்லி, கழுகாசலம் மேளத்துக்குக் கை காட்டினார்.